ஏழையின் நற்பண்பும் ஆங்கில நாவலும்

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது பழமொழி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கில நாவலாசிரியர் சிலர், உழைத்துண்ணும் ஏழையைக் கைப்பிடித்து அம்பலத்தில் ஏற்றினர். அதற்கு முன்னர் ஆங்கிலப் புனைகதையில் அவன் பெரும்பாலும் நகைப்பூட்டும் வேலையாளாகவோ, கதாநாயகன் வழியில் எதிர்ப்படும் குடியானவனாகவோ தோன்றி மறைந்தான். இப்பொழுது அவனுக்குப் பெயரும் குடும்பமும் துயரமும் கிடைத்தன. எல்லாவற்றிற்கும் மேலாக, நல்லவன் என்ற மதிப்புக் கிடைத்தது. ஆயினும், அம்பலம் ஏறியவன் அங்கே வாய் திறந்து தனக்கு வேண்டியதைக் கேட்கலாமா? கேட்ட பின்னரும் அவன் நல்லவனாகவே கருதப்படுவானா? அக்காலத்துப் பெருநாவல்களை இந்த வினாவோடு அணுகும்போது, பலமுறை படித்துப் பழகிய பாத்திரங்களும் வேறொரு முகத்தைக் காட்டுகின்றன.

இவ்வினா வெறும் இலக்கிய வினா அன்று. 1834ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நிறைவேறிய வறியோர் சட்டத் திருத்தம், உடல்வலிமை உள்ள ஏழை உதவி கேட்டால் அவன் வேலைமனை என்னும் கட்டடத்துள் சென்று அடைபட வேண்டும் என்ற கொள்கையை மேற்கொண்டது. வேலைமனையின் வாழ்வு, வெளியே உள்ள மிகத் தாழ்ந்த கூலியாளின் வாழ்விலும் விரும்பத்தகாததாக இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி. உதவிக்குத் தகுதியுள்ள ஏழை, தகுதியற்ற ஏழை என்ற பாகுபாடு பாதிரிமார் வாயிலும், பத்திரிகைகளிலும், தரும சங்கங்களின் ஏடுகளிலும் நாள்தோறும் அடிபட்டது. ஓர் ஏழையைப் பார்த்தவுடன், இவன் நல்லவன்தானா என்று கேட்பது நாகரிக மக்களின் வழக்கமாயிற்று. செல்வனைப் பார்த்து அவ்வாறு கேட்கும் வழக்கம் அத்துணைப் பரவவில்லை. நாவலாசிரியர்கள் இந்தச் சூழலில் நின்றே எழுதினார்கள். அவர்களுடைய வாசகர்களும் அந்த நாகரிக மக்களே.

முதலில் எல்லோரும் அறிந்த ஒருவனை எடுத்துக்கொள்ளலாம். சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1843ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட 'நத்தார்க் கீதம்' என்னும் சிறு நூலில் வரும் எழுதுவினைஞன் பொப் கிராச்சிட். கஞ்சனாகிய ஸ்குரூஜின் அலுவலகத்தில், ஒரேயொரு கரித்துண்டு எரியும் அடுப்பின் பக்கத்தில், மேற்சட்டை இன்றிக் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு கடிதங்களைப் பிரதி எடுப்பவன். அவனுடைய கூலி வாரத்திற்கு 15 சிலிங். ஆண்டில் ஒரு நாள் விடுமுறையைத் தவிர அவன் எதையும் கேட்பதில்லை. அந்த ஒரு நாளிலும், தன் குடும்பத்தோடு உணவுக்கு அமர்ந்தபோது, தன்னை வாட்டும் முதலாளியின் நலத்துக்காகவே கிண்ணத்தை உயர்த்துகிறான். அவனுடைய மனைவிக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. அந்த மனிதன் இங்கு வந்தால் நல்ல பாடம் கற்பிப்பேன் என்று அவள் சீறுகிறாள். ஆனால் அந்தச் சீற்றம் ஒரு கணந்தான். கணவனுக்காகவும் நன்னாளுக்காகவும் அவளும் குடித்துவிடுகிறாள். கதையின் இறுதியில் ஸ்குரூஜ் மனம் திருந்திக் கூலியை உயர்த்துகிறான். கிராச்சிட் கேட்டுப் பெற்றதன்று அது.

அந்த நூலின் விலை 5 சிலிங். அஃதாவது, பொப் கிராச்சிட்டைப் பற்றிய புத்தகத்தை வாங்குவதற்குப் பொப் கிராச்சிட் தன் வாரக் கூலியில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும். நத்தாருக்கு முன்னரே 6,000 பிரதிகள் விற்றுத் தீர்ந்தன. வாங்கியவர்கள் ஸ்குரூஜின் இடத்தில் இருந்தவர்கள். குறைந்தபட்சம் அவனுடைய மருமகனின் இடத்திலாவது இருந்தவர்கள். அவர்களுடைய உள்ளம் இளகியது உண்மை. அந்த இளக்கத்தால் நன்மை விளைந்ததும் உண்மை. டிக்கன்ஸின் நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. எனினும், அவர்களை இளக வைத்த ஏழை எவ்வகையானவன் என்பதைக் கவனித்தல் வேண்டும். அவன் அவர்களை எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லாதவன்.

பத்தாண்டுகளுக்குப் பின் டிக்கன்ஸ் இன்னும் கடினமான இடத்திற்குச் சென்றார். வட இங்கிலாந்தில் உள்ள பிரெஸ்டன் என்னும் பஞ்சாலை நகரில், நெசவாளர்கள் நூற்றுக்குப் பத்து வீதம் கூலி உயர்வு கோரினார்கள். ஆலை முதலாளிகள் 1853ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் ஆலைகளை மூடிவிட்டனர். பல மாதம் நீடித்த அந்தப் போராட்டத்தை நேரிற் காண்பதற்காக டிக்கன்ஸ் 1854ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கு போனார். தாம் நடத்திய வாரப் பத்திரிகையில் அதைப்பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். அக்கட்டுரையில் அவர் வியந்து போற்றுவது தொழிலாளரின் ஒழுங்கையும் நிதானத்தையுமே. வெளியூரிலிருந்து வந்து கூட்டத்தைக் கிளறிவிட முயன்ற ஒரு வாய்வீச்சுக்காரனை, தொழிலாளரின் தலைவரே அடக்கி உட்கார வைத்ததை அவர் விரிவாகக் கூறுகிறார்.

அதே ஆண்டு ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அதே பத்திரிகையில் தொடராக வந்த நாவல் 'கொடிய காலம்'. கட்டுரையில் அடக்கப்பட்ட வாய்வீச்சுக்காரன் இங்கு சிலாக்பிரிட்ஜ் என்ற பெயரோடு திரும்பி வருகிறான். ஆனால் இம்முறை அவனை அடக்குவார் ஒருவரும் இலர். தொழிலாளர் அவன் பின்னே செல்கின்றனர். அவர்கள் நடுவே தனித்து நிற்பவன் ஸ்டீபன் பிளாக்பூல். வயது நாற்பது, பார்வைக்கு அதனினும் முதியவன். விசைத்தறி நெசவாளி. குடியினால் கெட்டழிந்த மனைவி ஒருபுறம், அவன் மனத்தால் நேசிக்கும் ரேச்சல் என்னும் நல்லாள் மறுபுறம். மணவிலக்குப் பெற வழியுண்டா என்று அறிய, முதலாளியாகிய பவுண்டர்பியிடம் தொப்பியைக் கையில் ஏந்தி நிற்கிறான். வழியுண்டு, ஆயிரம் முதல் ஆயிரத்தைந்நூறு பவுண் வரை செலவாகும், ஒருவேளை அதன் இருமடங்கும் ஆகலாம் என்று விடை கிடைக்கிறது. இஃது ஆசிரியரின் மிகைக் கற்பனை அன்று. 1857ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இங்கிலாந்தில் மறுமணத்துக்கு இடந்தரும் மணவிலக்கைப் பெறுவதற்கு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டியிருந்தது.

ஸ்டீபன் தொழிற்சங்கத்தில் சேர மறுக்கிறான். அதனால் தோழர்கள் அவனோடு பேசுவதை விட்டுவிடுகின்றனர். இதையறிந்த பவுண்டர்பி, அவனைக் கொண்டே தொழிலாளரைப்பற்றி உளவறிய எண்ணி அழைத்துக் கேட்கிறான். தன்னை ஒதுக்கியவர்களையே ஸ்டீபன் அங்கு பரிந்து பேசுகிறான். உடனே வேலை போய்விடுகிறது. பிறகு, தான் செய்யாத வங்கித் திருட்டுப் பழி அவன்மேல் விழுகிறது. பழியைத் துடைக்கத் திரும்பி வரும் வழியில், கைவிடப்பட்ட பழைய சுரங்கக் குழியொன்றில் வீழ்ந்து, நாட்கணக்கில் அதனுள்ளே கிடந்து, வெளியே தூக்கப்பட்ட பின் இறக்கிறான். குழியினுள் கிடந்தபோது அவனுக்குத் துணையாயிருந்தது வானத்து விண்மீன் ஒன்று. இறக்குந் தறுவாயில் அவன் சொல்லும் சொற்களில் ஒரு செய்தி இருக்கிறது. அந்தக் குழி வேலை நடந்த காலத்தில் நூற்றுக்கணக்கானோரை விழுங்கியது, சுரங்கத் தொழிலாளர் சட்டமியற்றுவோரிடம் விண்ணப்பத்தின்மேல் விண்ணப்பம் அனுப்பினர், கேட்பார் இல்லை.

சங்கத்தில் ஏன் சேரவில்லை என்பதற்கு நாவலில் தெளிவான காரணம் இல்லை. ரேச்சலுக்கு ஏதோ வாக்குக் கொடுத்திருக்கிறான் என்பதே தெரிகிறது. அச்சேறிய நூலில் இல்லாத ஒரு பகுதி டிக்கன்ஸின் கைப்பிரதியில் உண்டு. ரேச்சலின் தங்கையாகிய சிறுமி ஆலை இயந்திரத்திற் கை அறுபட்டு இறந்த செய்தி அதில் வருகிறது. அதை நினைந்து ஸ்டீபன் கொதித்துப் பேசுகிறான். இவ்வாறான சினம் அவனைத் தீங்கில் இழுத்துவிடும் என்று அஞ்சியே ரேச்சல் அவனிடம் வாக்கு வாங்குகிறாள். அச்சுக்குப் போகும்போது இந்தப் பகுதி நீக்கப்பட்டது. எதற்காக நீக்கப்பட்டது என்பது எவ்வாறாயினும், அதன் விளைவு தெளிவானது. சினங்கொண்ட ஸ்டீபன் மறைந்தான். பொறுமையே வடிவான ஸ்டீபன் எஞ்சினான். வாயடைத்தவனின் வாய் ஏன் அடைத்தது என்ற கதையும் அந்தச் சிறுமியோடு புதைந்து போயிற்று.

இந்நாவலைப் பெரிதும் மதித்த ஜோன் ரஸ்கின் 1860இல் எழுதிய கட்டுரைத் தொடரில், டிக்கன்ஸ் சொல்லவந்த உண்மை சரியானதே என்று ஒப்புக்கொண்டு, ஒரு குறையையும் சுட்டினார். ஸ்டீபன் நேர்மையுள்ள தொழிலாளிக்கு ஒரு மாதிரியாக அமையாமல் நாடகத்துக்குரிய நிறைவுருவாக அமைந்துவிட்டான் என்பது அவர் கருத்து. பிற்காலத்தில் காந்தியடிகள் தென்னாபிரிக்காவில் படித்துத் தம் வாழ்வையே மாற்றிக்கொண்ட 'கடையனுக்கும்' என்ற நூல் அந்தக் கட்டுரைத் தொடரின் தொகுப்பே. குறையே இல்லாத ஏழையை வாசகன் வணங்குவான். ஆனால் அத்தகைய ஒருவனைத் தன் ஆலையில் காணமாட்டான். காணாதபோது, இங்குள்ளவர்கள் ஸ்டீபனைப் போன்றவர்கள் அல்லர், ஆதலால் இவர்களுக்கு இரங்க வேண்டியதில்லை என்று சொல்லிக்கொள்வதும் அவனுக்கு எளிதாகிறது.

டிக்கன்ஸ் பிரெஸ்டனில் தங்கியது சில நாட்களே. எலிசபெத் காஸ்கல் அம்மையாரோ மான்செஸ்டர் நகரிலேயே வாழ்ந்தவர். அங்குள்ள ஒரு தேவாலயப் போதகரின் மனைவி. 1845ஆம் ஆண்டில் அவருடைய ஒரே ஆண் மகவு செங்காய்ச்சலால் இறந்தது. துயரத்தை மறக்க எழுதும்படி கணவர் தூண்ட, அவர் எழுதியதே 1848இல் வெளிவந்த 'மேரி பார்ட்டன்'. நாவலின் தந்தையாகிய ஜோன் பார்ட்டன் என்னும் நெசவாளியும் தன் ஒரே மகனைச் செங்காய்ச்சலுக்கே பலி கொடுத்தவன். வேலை இழந்து, நோயாளிப் பிள்ளைக்கு நல்லுணவு வாங்க வகையின்றி அவன் கடை வாயிலில் நின்றபோது, அவனை வேலையிலிருந்து நீக்கிய ஆலைக்காரனின் மனைவி விருந்துக்கு வேண்டிய பண்டங்களை வாங்கிக்கொண்டு வண்டியேறிப் போகிறாள். வீடு திரும்பிய பார்ட்டன் மகனின் பிணத்தைக் காண்கிறான்.

இந்நூலில் ஒரு நிலவறைக் காட்சி உண்டு. டேவன்போட் என்னும் தொழிலாளி கடுங்காய்ச்சலில் கிடக்கிறான். தரையில் தெருச் சாக்கடையின் ஈரம் ஊறிக்கொண்டிருக்கிறது. அடுப்பில் நெருப்பில்லை, பிள்ளைகள் பட்டினி. ஜோன் பார்ட்டன் தன் வீட்டுக்குப் போய், மிஞ்சியிருந்த உணவை எடுத்துத் தருகிறான். பின்னர் தன்னிடம் இருந்த நல்ல மேற்சட்டையையும், சிவப்பும் மஞ்சளும் கலந்த பட்டுக் கைலேஞ்சியையும் அடைவு வைத்து ஐந்து சிலிங் பெற்று, இறைச்சியும் உரொட்டியும் கரியும் வாங்கி வருகிறான். ஈகை என்ற சொல்லே அங்கு எவர் வாயிலும் வரவில்லை. மறுநாள் அவனுடைய நண்பன் வில்சன், ஆலை முதலாளி காசனின் மாளிகைக்குப் போய், நோயாளியை மருத்துவமனையில் சேர்க்க ஒரு சீட்டுக் கேட்கிறான். டேவன்போட் என்பவன் யார் என்று முதலாளி வினவுகிறார். அவன் அந்த ஆலையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவன். படுக்கையில் சேர்க்கும் சீட்டு கைவசம் இல்லை. வந்து மருந்து பெற்றுப் போவதற்கான சீட்டே கிடைக்கிறது. முதலாளியின் மகன் தன் சட்டைப்பையில் இருந்த ஐந்து சிலிங்கை எடுத்துக் கொடுக்கிறான். இருவர் கொடுத்ததும் ஐந்து சிலிங்தான். காஸ்கல் அம்மையார் அதைச் சுட்டிக் காட்டுவதில்லை. படிப்பவர் தாமே கண்டுகொள்ளும்படி விட்டுவிடுகிறார்.

ஏழைக்கு ஏழை செய்யும் உதவியை இவ்வளவு நுணுகிக் கண்ட எழுத்து அக்காலத்தில் மிக அரிது. ஏழையின் அறிவையும் அம்மையார் மறக்கவில்லை. தறியில் நாடா ஓடிக்கொண்டிருக்க, நியூட்டனின் கணித நூலைத் தறியின் மேலேயே விரித்துவைத்துப் படிக்கும் கைத்தறி நெசவாளர் ஓல்டாம் பகுதியில் உண்டு என்று கூறுகிறார். பூச்சியினங்களைத் திரட்டி ஆராயும் ஜோப் லெக் என்னும் கிழவனையும் கதையில் உலவ விடுகிறார்.

அப்பால் ஜோன் பார்ட்டன் கேட்கத் தொடங்குகிறான். 1839ஆம் ஆண்டில், 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு, வாக்குரிமை முதலியவற்றை வேண்டித் தொழிலாளர் நாடாளுமன்றத்துக்கு எடுத்துச் சென்ற சாசன இயக்க விண்ணப்பம் வரலாற்று உண்மை. 235 வாக்குகள் எதிராகவும் 46 வாக்குகள் சார்பாகவும் விழ, அதை ஆராயவே மன்று மறுத்துவிட்டது. மான்செஸ்டர் தொழிலாளரின் பேராளனாக இலண்டனுக்குப் போனவர்களில் ஒருவனாகப் பார்ட்டனை அமைக்கிறார் ஆசிரியர். பழமொழி சொன்னவாறே, சொல் அம்பலம் ஏறாமல் அவன் திரும்பி வருகிறான். அதன் பின்னர் ஒரு வேலைநிறுத்தம். முதலாளிகளோடு பேசவந்த கந்தலாடைத் தொழிலாளரைக் கேலிச் சித்திரமாக வரைகிறான் காசனின் மகன். ஐந்து சிலிங் கொடுத்த அதே இளைஞன். சித்திரம் தொழிலாளர் கையிற் சிக்குகிறது. சீட்டுக் குலுக்கி அவனைக் கொல்லத் தீர்மானிக்கின்றனர். சீட்டு பார்ட்டனுக்கு விழுகிறது.

நாவலின் கொடுமை இங்கேதான். மேற்சட்டையை அடைவு வைத்து அயலவனைக் காத்தவனும், இளைஞனைச் சுட்டுக் கொன்றவனும் ஒருவனே. ஆசிரியர் அவனை வெறுக்கவில்லை. அவன் இறக்கும்போது, மகனை இழந்த காசனின் கைகளிலேயே இறக்கிறான். எனினும் கேள்வி கேட்ட நல்லவனுக்குக் கொலையைத் தவிர வேறு வழியை அம்மையாரால் அன்று காண இயலவில்லை. இந்நூலுக்கு அவர் முதலில் கருதிய தலைப்பு ஜோன் பார்ட்டன் என்பதே. பதிப்பாளர் விருப்பப்படி அது மகள் மேரியின் பெயராக மாறியது. அவ்வாறு மாற்றியும், முதலாளிகளுக்கு நூல் அநீதி செய்துவிட்டதென்ற கண்டனம் எழாமல் இல்லை.

'கொடிய காலம்' முடிந்த அடுத்த மாதமே டிக்கன்ஸின் பத்திரிகையில் காஸ்கல் அம்மையாரின் 'வடக்கும் தெற்கும்' தொடங்கியது. அதில் வரும் நிக்கலஸ் ஹிக்கின்ஸ் தொழிற்சங்கத்துள் நிற்பவன், வேலைநிறுத்தத்தை நடத்தியவன், குடிக்கவும் செய்வான், கடவுளை ஐயுறுபவன். அவனுடைய மகள் பெசி, பஞ்சுத் தும்பு நுரையீரலில் அடைந்து சாகும் பெண். தும்பை வெளியே இழுக்கும் சக்கரத்தை ஆலையில் பூட்டலாம். ஆனால் அதற்கு ஐந்நூறு அறுநூறு பவுண் ஆகும், இலாபமோ ஒன்றுமில்லை என்று அவள் விளக்குகிறாள். அத்தோடு நிறுத்தவில்லை. சக்கரம் பூட்டிய இடங்களிற் சில தொழிலாளர் அதை விரும்புவதில்லை; தும்பை விழுங்கிப் பழகிய வயிறு, அது இல்லாதபோது அதிகம் பசிக்கிறதாம். அதற்கு ஈடாகக் கூலியை உயர்த்த வேண்டும் என்கிறார்களாம். ஏழையை உத்தமனாக்கும் ஆசையில் எழுதுபவர் எவரும் இந்தச் செய்தியைச் சேர்த்திருக்கமாட்டார். கண்டும் கேட்டும் எழுதுபவருக்கே இது கிட்டும்.

வேலைநிறுத்தம் தோல்வியுற்ற பின், அதன் நெருக்குதலால் நீரில் விழுந்து உயிர்விட்ட பவுச்சர் என்பவனின் அநாதைப் பிள்ளைகளை ஹிக்கின்ஸ் தன் பொறுப்பில் ஏற்கிறான். அவர்களுக்குச் சோறிட வேலை வேண்டும். தான் எதிர்த்துப் போராடிய தோர்ன்டன் என்னும் முதலாளியின் வாயிலில் ஐந்து மணி நேரம் காத்து நிற்கிறான். முதலாளி அவனை ஏசி அனுப்புகிறார். பிறகு, அவன் கூறியது மெய்தானா என விசாரித்து அறிந்து, அவர் தாமே அவன் வீடு தேடிப் போகிறார். ஹிக்கின்ஸ் தன் கொள்கையை விட்டுக் கொடுக்கவில்லை. நல்லவன் என்ற பெயருக்காகவும் ஏங்கவில்லை. கேட்கவும் தெரிந்து, நல்லவனாகவும் நிற்கும் தொழிலாளியை ஆங்கில நாவலில் இவ்வளவு தெளிவாக அதற்குமுன் காண்பது அரிது. ஸ்டீபன் பிளாக்பூலை அறிந்தவர் ஆயிரம் பேர் என்றால் ஹிக்கின்ஸை அறிந்தவர் பத்துப்பேர் இருப்பரோ என்பது ஐயமே.

ஜோர்ஜ் ஓர்வெல் 1940இல் டிக்கன்ஸைப்பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில் கூரிய குறிப்பொன்று இருக்கிறது. டிக்கன்ஸின் உலகில் தொழில் என்பது மேடைக்கு வெளியேதான் நடக்கிறது என்கிறார் அவர். ஸ்டீபன் நெசவாளி, ஆனால் அவன் நெய்வதை வாசகன் ஏறக்குறையக் காண்பதேயில்லை. தொழிலை நீக்கிவிட்டால் உழைப்பாளியிடம் எஞ்சுவது துன்பம் ஒன்றே. ஜோர்ஜ் எலியட் என்ற புனைபெயர் பூண்ட பெண்மணி 1859இல் எழுதிய 'அடம் பீட்' இதற்கு மறுதலை. அதன் முதற் காட்சியே தச்சுப் பட்டறை. மாலை ஆறுமணி அடிக்கும் ஓசை கேட்டவுடன் பாதி இழைப்பில் சீவுளியைப் போட்டுவிட்டு ஓடும் தோழர்களை அடம் கடிந்துகொள்கிறான். ஆசிரியையின் தந்தையும் தச்சராக வாழ்வைத் தொடங்கியவர்; மரத்தூளின் மணம் அந்தப் பக்கங்களில் இருக்கிறது. ஆனால் அடத்தின் கண்டிப்பை எந்த முதலாளியும் மகிழ்ந்து கேட்பான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஓர்வெல்லின் கூற்றுக்கு டிக்கன்ஸிடமே ஒரு விலக்கு உண்டு. 1860 டிசம்பரில் தொடராகத் தொடங்கிய 'பேரெதிர்பார்ப்புகள்' நாவலில் வரும் கொல்லன் ஜோ கார்ஜரியே அது. உலைக்களமும் துருத்தியும், சம்மட்டியின் தாளத்துக்குப் பாடும் பாட்டும் அங்கு உண்டு. ஜோ தன் மனைவியின் தம்பியாகிய சிறுவன் பிப்பைத் தோழனாகவே வளர்க்கிறான். பிப்பைக் கனவானாக்க யாரோ பணம் தந்திருக்கும் செய்தியோடு வழக்கறிஞர் வருகிறார். பயிலும் பிள்ளையை இழப்பதற்கு ஈடாக ஜோவுக்கும் பணம் தர முன்வருகிறார். அந்தச் சொல்லைக் கேட்டதும், எப்போதும் சாந்தனான கொல்லன் கைகலக்கவும் தயாராகிறான். அன்புக்கு விலை பேசியதை அவன் பொறுக்கவில்லை. இந்தச் சினத்தை டிக்கன்ஸ் நீக்கவில்லை.

பின்னர் ஜோ இலண்டனில் பிப்பைக் காண வருகிறான். புதுச் சட்டை கழுத்தை நெரிக்கிறது. வைத்த இடத்தில் தொப்பி நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கிறது. தான் வளர்த்த பிள்ளையை ஐயா என்று அழைக்கிறான். பிப் கூசுகிறான். புறப்படுகையில் ஜோ ஓர் உண்மையைச் சொல்லிப் போகிறான்: இந்த உடையில் தான் பிழையான மனிதன், உலைக்களத்தின் பலகணி வழியே, கையில் சம்மட்டியோடு பார்த்தால் தன்னிடத்தில் குறை தோன்றாது என்பது அதன் கருத்து. ஓர் ஏழையின் மதிப்பு அவன் பொறுமையில் இல்லை, அவன் அறிந்த தொழிலில் நிற்கிறது என்று ஏழையே சொல்லும் இடம் அது. பிற்பாடு பிப் நோயுற்று, 123 பவுணுக்கு மேற்பட்ட கடனுக்காகச் சிறை செல்லும் நிலையில் கிடக்கும்போது, ஜோ வந்து பணிவிடை செய்கிறான். கடனையும் தன் பணத்தால் தீர்த்துவிட்டு, நன்றியைக் கேட்க நில்லாமல் விடியுமுன் போய்விடுகிறான்.

ஜோவை டிக்கன்ஸ் இவ்வாறு படைத்ததற்கும் அவருடைய இளமைக்கும் தொடர்புண்டு என்று கருத இடமிருக்கிறது. 1824இல் தந்தை கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் இருந்தபோது, பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய அவர் தேம்ஸ் நதிக் கரையில் சப்பாத்து மை செய்யும் ஒரு சாலையில், மைச் சாடிகளுக்குத் தாள் கட்டிச் சிட்டை ஒட்டும் வேலை செய்தார். கூலி வாரத்துக்கு ஆறேழு சிலிங். வேலையின் நுட்பத்தை அவருக்குக் காட்டிக் கொடுத்தவன் பொப் பேகின் என்ற தாய்தந்தையற்ற சிறுவன். ஒருநாள் டிக்கன்ஸ் நோயுற்றுத் துடித்தபோது, வெந்நீர்ப் போத்தல்களை விலாவில் வைத்து அவரைப் பேணியவனும், வீடுவரை கொண்டுபோய் விடுவதாகக் கூடவே வந்தவனும் அவனே. தந்தை சிறையிலிருப்பதை அவன் அறிந்துவிடாதபடி, யாருடையதோ ஒரு வீட்டின் படியில் ஏறித் தன் வீடென்று காட்டி அவனை அனுப்பினார் சிறுவர் டிக்கன்ஸ். இச்செய்தி அவர் இறந்த பின்னரே, நண்பர் எழுதிய வரலாற்றின் வாயிலாக உலகுக்குத் தெரிந்தது. அதற்கு நெடுங்காலம் முன்பே பேகின் என்ற பெயர் 'ஒலிவர் டுவிஸ்ட்' நாவலில் சிறுவர்களைத் திருடப் பழக்கும் கிழவனுக்குச் சூட்டப்பட்டிருந்தது. உதவி செய்த ஏழைத் தோழனின் பெயர் கெட்டவனுக்குப் போனது. கூசியவனின் கதையோ, ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளின் பின், பிப்பின் வாயிலாகச் சொல்லப்பட்டது.

இவர்கள் எல்லோரும் ஏழையை வெளியே நின்று பார்த்தவர்கள். டிக்கன்ஸ் மட்டும் சில மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தவர். நாள்முழுதும் கூலிவேலை செய்த கையாலேயே எழுதப்பட்ட பெரிய நாவல் பின்னர் வந்தது. டப்ளினிற் பிறந்து, இங்கிலாந்தின் தென்கரையில் ஹேஸ்டிங்ஸ் நகரில் வீடுகளுக்குச் சாயம் பூசும் தொழில் செய்த றொபேட் நூனன் என்பவர், றொபேட் ட்ரெசல் என்ற பெயரில் எழுதிவைத்த 'கந்தற் காற்சட்டைக் கொடைவள்ளல்கள்' அது. கைப்பிரதி 1,600க்கு மேற்பட்ட பக்கங்கள். 1911இல் அவர் காசநோயால் லிவர்பூலில் இறந்து, வறியோருக்கான குழியில் அடக்கம் செய்யப்பட்டார். மகளின் முயற்சியால் 1914இல் நூல் சுருக்கமாக வெளிவந்தது. முழுவடிவம் அச்சாக 1955ஆம் ஆண்டு ஆயிற்று.

தலைப்பில் உள்ள கொடைவள்ளல்கள் செல்வர் அல்லர். தங்கள் உழைப்பின் பயனை முதலாளிக்கு வாரி வழங்கும் தொழிலாளரே. அவர்களை ஆசிரியர் புகழவில்லை. தங்களைச் சுரண்டுபவரையே மதித்து, தங்களுக்காகப் பேசுபவனை எள்ளும் அவர்கள்மேல் அவருக்குக் கோபம் மிகுதி. மூன்று பூச்சுக்குக் கூலி வாங்கி ஒரு பூச்சோடு முடிக்கச் சொல்லும் முதலாளி, சோம்பியிருப்பவனைப் பிடிக்கப் பூனைபோல் நுழையும் மேற்பார்வையாளன், நாற்பது வயதானதும் வேலை போய்விடுமோ என்ற நடுக்கம் ஆகிய அனைத்தும் அந்நூலில் உள்ளன. ஓவன் என்பவன் மதிய உணவு வேளையில் உரொட்டித் துண்டுகளை வெட்டி வைத்து, பணம் எவ்வாறு கைமாறுகிறதென்று தோழர்களுக்கு விளக்கிக் காட்டுகிறான், அவர்கள் சிரிக்கிறார்கள். அதே ஓவனிடம், செல்வன் ஒருவனின் விருந்தறையை மூரிய பாணியில் அலங்கரிக்கும் வேலை ஒப்படைக்கப்படுகிறது. முதலாளித்துவத்தின் சூழ்ச்சியை எல்லோருக்கும் விளக்கும் அவன், கூலி எதுவுமின்றி, இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தன் வீட்டு மேசையில் அமர்ந்து அந்த அறைக்கான கோலங்களை வரைகிறான். தான் ஏமாற்றப்படுகிறான் என்பது அவனுக்குத் தெரியும். நெடுநாளைக்குப் பின் அவனுக்கு மகிழ்ச்சி கிடைப்பதும் அந்த மேசையிலேதான்.